ஒன்றரை மீட்டர் கம்பி

புது ஸ்டீரியோ ரிசீவரின் அட்டைப்பெட்டியைப் பிரித்தால் ரிமோட், பேட்டரி, கையேடு எல்லாம் வெளியே வந்துவிடும். தெர்மோகோலுக்கு அடியில் ஒரு சின்ன பாலித்தீன் பை மட்டும் பல வீடுகளில் பெட்டியோடு சேர்ந்து பரணுக்குப் போய்விடுகிறது. அந்தப் பைக்குள் தட்டையான ஒயர் ஒன்று சுருண்டிருக்கும். பிரித்து விரித்தால் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம்; மேல்கோடு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்.

சில நாள் கழித்து வீட்டுக்காரருக்கு ரேடியோ கேட்கும் ஆசை வரும். பொத்தானைத் தட்டினால் பாட்டோடு பாட்டாக 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். அதே அறையில் பழைய பட்டன் போன் ஒன்று, காதில் மாட்டும் ஒயரையே ஏரியலாக வைத்துக்கொண்டு, அதே நிலையத்தைச் சுத்தமாகப் பாடிக்கொண்டிருக்கும். அறுநூறு ரூபாய்ப் பெட்டி பாடுகிறது, அறுபதாயிரம் ரூபாய்ப் பெட்டி சீறுகிறது என்றால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். ட்யூனர் சரியில்லை என்று கடைக்காரரிடம் போவார்கள். பெரும்பாலும் ட்யூனர் மேல் பழுதே இருக்காது.

அந்த ரிசீவரில் மோனோ பொத்தான் இருந்தால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். சீறல் சட்டென்று அடங்கிவிடும். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும். மற்றபடி பாட்டில் ஒரு குறையும் தெரியாது. ஏரியல் மாறவில்லை, நிலையம் மாறவில்லை, ட்யூனரும் அதேதான். அப்படியானால் சீறல் ஸ்டீரியோவோடு சேர்ந்து வந்தது என்றுதான் ஆகிறது.

பண்பலை ஒலிபரப்பில் ஸ்டீரியோவைச் சேர்க்க முயன்றபோது பொறியாளர்களுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: ஏற்கெனவே வீடுகளில் இருக்கும் மோனோ ரேடியோக்கள் வீணாகக் கூடாது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக், ஜெனித் ஆகிய நிறுவனங்கள் வகுத்த முறையை அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் 1961 ஏப்ரலில் ஏற்றது. இன்று நம் ஊர் வானொலியும் அதே முறையில்தான் இயங்குகிறது. இடது ஒலியையும் வலது ஒலியையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வழக்கமான இடத்தில், அதாவது 15 கிலோஹெர்ட்ஸுக்குள், அனுப்பினார்கள். மோனோ ரேடியோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும். இடதிலிருந்து வலதைக் கழித்து வரும் வித்தியாசத்தை மட்டும் மேலே, 38 கிலோஹெர்ட்ஸை நடுவாக வைத்து 23 முதல் 53 வரை உள்ள பகுதியில், ஏற்றினார்கள். காதுக்கு அது எட்டாது. 'இங்கே ஸ்டீரியோ இருக்கிறது' என்று ரிசீவருக்குச் சொல்ல 19 கிலோஹெர்ட்ஸில் ஓர் அடையாளத் தொனி. முன்பக்கத்தில் எரியும் சின்ன ஸ்டீரியோ விளக்கு அந்தத் தொனியைக் கண்டுதான் எரிகிறது. கூட்டுத்தொகையோடு வித்தியாசத்தைக் கூட்டினால் இடது கிடைக்கும், கழித்தால் வலது கிடைக்கும். பள்ளிக்கூட இயற்கணிதம்தான், ஆனால் எவ்வளவு சிக்கனமான தீர்வு!

அந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. பண்பலையில் செய்தி அலையின் உயரத்தில் இல்லை. அதிர்வெண் எந்த அளவு நகர்கிறது என்பதில் இருக்கிறது. அலையின் கட்டம் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்பதை அளந்துதான் ரிசீவர் ஒலியை மீட்கிறது. காற்றிலும் ரிசீவரின் முதல் டிரான்சிஸ்டரிலும் எப்போதும் இருக்கும் இரைச்சலும் அந்தக் கட்டத்தைக் கொஞ்சம் அசைக்கும். மெதுவாக அசைந்தால் அளவி அதைப் பெரிதாகக் காட்டாது. வேகமாக அசைந்தால் பெரிதாகக் காட்டும். அதனால் 1 கிலோஹெர்ட்ஸில் ஒரு பங்காக வெளிவரும் இரைச்சல், 38 கிலோஹெர்ட்ஸில் முப்பத்தெட்டுப் பங்காக வெளிவருகிறது. மோனோ ரேடியோ கீழ்ப்பகுதியை மட்டும் கேட்பதால் தப்பித்துவிடுகிறது. ஸ்டீரியோ ரிசீவரோ இரைச்சல் மிகுந்த மேற்பகுதிக்குப் போய் வித்தியாசத்தை எடுத்து வந்தாக வேண்டும். வரும்போது அங்கிருந்த சீறலையும் சேர்த்துக் கீழே இறக்கிவிடுகிறது.

நல்ல ஜப்பானிய ட்யூனர்களின் கையேட்டில் இது எண்ணாகவே இருக்கும். இரைச்சல் குறிப்பிட்ட அளவுக்கு அடங்க மோனோவுக்கு எவ்வளவு சிக்னல் வேண்டும், ஸ்டீரியோவுக்கு எவ்வளவு வேண்டும் என்று இரண்டு வரிகள். இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 20 டெசிபெல் வித்தியாசம். திறனில் அது நூறு மடங்கு. மோனோவில் பாடும் பட்டன் போனுக்குப் போதுமான சிக்னல் போல நூறு பங்கு கொண்டுவந்து கொடுத்தால்தான் அந்தப் பெரிய பெட்டி அதே அமைதியோடு ஸ்டீரியோ பாடும். கார் ரேடியோக்கள் இங்கே ஒரு தந்திரம் செய்கின்றன. சிக்னல் தளர்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் மோனோவை நோக்கி நழுவிவிடும். பயணத்தில் யாரும் கவனிப்பதில்லை. வீட்டு ரிசீவர்கள் பல அப்படி நழுவாமல் உள்ளதை உள்ளபடி காட்டும். நேர்மையாளருக்குக் கிடைக்கும் கெட்ட பெயர்தான் அவற்றுக்கும்.

ஆம்ப்ளிஃபையரையோ ஸ்பீக்கரையோ மாற்றி இந்த நூறு மடங்கைப் பெற முடியாது. அது ஏரியல் வழியாகத்தான் வர வேண்டும்.

பண்பலை ஒலிபரப்பு 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நடக்கிறது. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். 100 மெகாஹெர்ட்ஸுக்கு அது 3 மீட்டர். இந்த அலையில் பாதி நீளமுள்ள கம்பியை நடுவில் வெட்டி, வெட்டிய இடத்திலிருந்து ஒயர் இழுத்தால் அதுதான் டைபோல், இருமுனை ஆன்டெனா. 1880-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளை முதன்முதலாக உண்டாக்கிக் காட்டியதும் இத்தகைய இருமுனைக் கம்பியால்தான். பாதி அலைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? வரும் அலை கம்பியிலுள்ள எலெக்ட்ரான்களை இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் ஒரு முனைக்குப் போய் முட்டித் திரும்பும் நேரமும் அலை திசை மாறும் நேரமும் ஒத்துப்போகும்போது மின்னோட்டம் மிகப் பெரிதாகும். பாதி அலைநீளத்தில் அது ஒத்துப்போகிறது. முனைகளில் மின்புலம் கொஞ்சம் வெளியே பிதுங்குவதால், செய்முறையில் கணக்கைவிட 5 சதவீதம் குறைத்து வெட்ட வேண்டும். 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் விடை வந்துவிடும். வரிசையின் நடுவான 98 மெகாஹெர்ட்ஸுக்கு 1.46 மீட்டர்.

பெட்டிக்குள் வந்த அந்தத் தட்டை ஒயர் இதன் இன்னொரு வடிவம், மடித்த டைபோல். இரண்டு கம்பிகள் அடுத்தடுத்து ஓடி முனைகளில் சேர்ந்திருக்கும். சாதாரண டைபோலின் நடுவில் மின்தடை போன்ற ஓர் அளவு 73 ஓம். மடித்தால் அது நான்கு மடங்காகி 300 ஓமுக்கு அருகே போகும். தட்டை ஒயரின் தன்மையும் 300 ஓம். பழைய ரிசீவர்களின் பின்பக்கம் இரண்டு திருகுகளும் '300' என்ற எண்ணும் இருப்பது இதற்காகத்தான். புதியவற்றில் பெரும்பாலும் 75 ஓம் முனை மட்டுமே உண்டு. டிஷ் டிவி ஒயர் நேராக அதில் பொருந்தும். 300-ஐ 75-இல் அப்படியே செருகினால் என்ன ஆகும் என்று பலரும் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டால் வந்த திறனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத் திரும்பிப் போகும். 2 டெசிபெல்தான் இழப்பு. நூறு மடங்கு தேடிப் புறப்பட்டவர் இதற்காக உறக்கத்தைத் தொலைக்க வேண்டாம். இருந்தாலும் இரண்டையும் இணைக்கும் சின்ன மாற்றி, பேலன் என்பார்கள், மலிவாகவே கிடைக்கிறது. அதன் உண்மையான பயன் வேறு. அது இல்லையென்றால் கேபிளின் வெளிப்பின்னலே ஏரியலாக வேலை செய்ய ஆரம்பித்து, எல்இடி விளக்கு, லேப்டாப் அடாப்டர், வைஃபை பெட்டி ஆகியவை கக்கும் குப்பையையும் அள்ளி வரும். ஏரியல் ஒயரைக் கையால் தொட்டால் சீறல் குறைவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அங்கேயும் இதே கதைதான். தொட்டவரின் உடம்பு கம்பியோடு சேர்ந்து ஏரியலாகிவிட்டது. கையை எடுத்தால் சீறல் திரும்பும். ஆள் நின்றுகொண்டே பாட்டுக் கேட்க முடியாது என்பதால் ஒயரை ஒழுங்காக மாட்டுவதே வழி.

'டி'யின் மேல்கோட்டை முழுதாக விரித்துச் சுவரில் குண்டூசியால் குத்துங்கள். ரிசீவருக்குப் பின்னால் கொத்தாகக் கிடந்தால் அது டைபோலே இல்லை, வெறும் ஒயர். கம்பியின் இரு முனைகள் காட்டும் திசைகளில் டைபோலுக்குக் காது கேட்காது, பக்கவாட்டில்தான் கேட்கும். மதுரையில் ஒருவர் கொடைக்கானல் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸைக் குறிவைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானல் அவருக்கு மேற்கை ஒட்டிய வடமேற்கில், நேர்கோட்டில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆக, அவர் வீட்டுக் கம்பி ஏறக்குறைய வடக்கு தெற்காக நீண்டிருக்க வேண்டும், வடமுனை கொஞ்சம் கிழக்கே சாய்ந்து. கிழக்கு மேற்காக ஓடும் சுவரில் அழகுக்காக மாட்டினால் கம்பியின் முனை மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும், சிக்னல் பாதியும் தேறாது. பல நகரங்களில் தனியார் நிலையங்கள் ஒரே கோபுரத்தைப் பகிர்ந்துகொள்வதால் ஒன்றுக்குத் திசை பார்த்தால் மற்றவற்றுக்கும் சரியாக அமைந்துவிடுகிறது.

கொடைக்கானலைச் சும்மா எடுத்துக்காட்டுக்காகச் சொல்லவில்லை. பண்பலையின் அலைகள் மத்திய அலையைப் போலத் தரையைத் தழுவிக்கொண்டு வெகுதூரம் போவதில்லை. சிற்றலையைப் போல வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதும் இல்லை. ஏறத்தாழ பார்வை எட்டும் தூரம்தான் அவற்றின் எல்லை. காற்று அலையைச் சற்றே வளைப்பதால் எல்லை கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைவிடக் கொஞ்சம் தள்ளியிருக்கும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் அந்த எல்லை வரும். சமவெளியில் 150 மீட்டர் கோபுரம் என்றால் 50 கிலோமீட்டர். கொடைக்கானல் மலை சமவெளிக்கு மேல் ஏறத்தாழ 2000 மீட்டர். கோபுரத்தின் உயரத்தை விட்டுவிட்டாலும் எல்லை 184 கிலோமீட்டர் ஆகிறது. திருச்சி அதற்குள் வந்துவிடுகிறது. தென்மாவட்டங்களில் எத்தனையோ பேருந்துகளிலும் தேநீர்க் கடைகளிலும் கொடைக்கானல் பண்பலை ஒலித்ததற்கு மலைதான் காரணம். கேட்பவரின் உயரத்துக்கும் இதே கணக்கு உண்டு. மாடிக்கு மேல் 9 மீட்டரில் கம்பி இருந்தால் இன்னும் 12 கிலோமீட்டர் கூடும். மலையடிவாரத்தில் வசிப்பவருக்கு எல்லாம் சுலபம் என்று நினைக்க வேண்டாம். இடையில் ஒரு முகடு மறைத்தால் கூப்பிடு தூரத்தில் கோபுரம் இருந்தும் நிழலில்தான் இருப்பார். நூறு கிலோமீட்டர் தள்ளி, வெட்டவெளியில் இருக்கும் ஊர்க்காரர் அவரைவிட நன்றாகக் கேட்பார்.

எல்லைக்கு உள்ளேயே இருப்பவர்களுக்கும் உயரம் உதவும். தரையை ஒட்டிய உயரங்களில், கம்பியின் உயரம் இரண்டு மடங்கானால் அதில் எழும் மின்னழுத்தமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். திறனில் நான்கு மடங்கு. இரண்டு மீட்டரிலிருந்து எட்டு மீட்டருக்கு ஏற்றினால் பதினாறு மடங்கு. டெசிபெல் கணக்கில் நூறில் பாதி வழி வந்தாயிற்று, காசு செலவில்லாமல்.

மீதி வழி சுவரில் இருக்கிறது. கான்கிரீட் தளத்துக்குள் ஒரு சாண் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக முறுக்குக் கம்பி கட்டியிருக்கிறார்கள். மூன்று மீட்டர் அலைக்கு ஒரு சாண் ஓட்டை என்பது ஓட்டையே இல்லை, ஏறக்குறைய முழு இரும்புத் தகடு. அலை பெரும்பாலும் சன்னல் வழியாகவும் செங்கல் சுவர் வழியாகவும்தான் உள்ளே வருகிறது. அந்தச் சன்னலிலும் இரும்புக் கம்பி. கொசுவலை எஃகில் இருந்தால் அதுவும் ஒரு தடை. நைலான் வலை அலையைக் கண்டுகொள்ளாது. ஓட்டு வீடும் கூரை வீடும் வானொலிக்கு நல்ல வீடுகள். தகரக் கூரை மோசமான வீடு. மாடிக்குக் கொண்டுபோனாலும் நீர் நிரம்பிய தொட்டிக்குப் பின்னால் ஏரியலை வைக்கக் கூடாது. தொட்டி பிளாஸ்டிக்காக இருந்தாலும் உள்ளே இருக்கும் தண்ணீர் அலையைத் தின்னும்.

இவ்வளவும் சிக்னலின் வலிமை பற்றிய பேச்சு. நகரத்தில் இருப்பவர்களின் தொல்லை வேறு வகை. விளக்கு எரிகிறது, சிக்னல் கோடுகள் நிரம்பியிருக்கின்றன, ஆனால் பாடகரின் 'ச', 'ஸ' எல்லாம் கரகரக்கின்றன; வயலின் மேலே போகும்போது கிழிகிறது. இது பன்வழி வரவு. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் குரல் நேராகவும், கோபுரத்தில் பட்டு எதிரொலித்தும், இரண்டாகக் காதில் விழுந்து சொல் குழம்புவதைக் கேட்டிருக்கிறோம். அதே அலை நேர்வழியில் ஒன்றாகவும், அடுக்குமாடிக் கட்டடத்தில் பட்டு இன்னொன்றாகவும் ஏரியலுக்கு வருகிறது.

ஆனால் பண்பலையில் குழப்பம் நடக்கும் விதம் வினோதமானது. நிலையம் தன் அதிர்வெண்ணை மேலும் கீழுமாக 75 கிலோஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 150 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு, ஆட்டிக்கொண்டே இருக்கிறது. பிரதிபலித்த அலை ஒரு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்தால் 3.3 மைக்ரோநொடி தாமதமாக வரும். அந்த ஆட்டத்தின் ஒரு கோடியில் இரண்டு அலைகளும் கைகோத்து வலுவாகின்றன என்றால், மறு கோடிக்குப் போகும்போது அவற்றின் கட்டம் சரியாக 180 பாகை திரும்பி ஒன்றையொன்று அழிக்கின்றன. பாட்டின் ஒவ்வோர் அசைவுக்கும் சிக்னல் வீங்கிச் சுருங்குகிறது, கட்டமும் கூடவே கோணுகிறது. கட்டத்தைத்தானே ரிசீவர் ஒலியாக வாசிக்கிறது? மேலே 38 கிலோஹெர்ட்ஸில் ஏற்றிய வித்தியாசப் பகுதிதான் முதலில் கெடும். நூறு மீட்டர் சுற்றிவரும் பக்கத்து வீட்டுப் பிரதிபலிப்பு இவ்வளவு கெடுக்காது. அது வெறும் 18 பாகைதான் திருப்பும். சிக்னலின் வலிமையைக் கூட்டும் அல்லது குறைக்கும், அவ்வளவே. அறையில் ஓர் இடத்தில் நன்றாகக் கேட்டு, முக்கால் மீட்டர் தள்ளினால் செத்துப்போவது இந்த அருகிலுள்ள பிரதிபலிப்பின் வேலை. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேர் அலையும் சேர்ந்து, கால் அலைநீளத்துக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம் என்று அறைக்குள் வரிசையாக நிறுத்திவிடுகின்றன. ஆக, ஏரியலுக்கு இடம் தேடுபவர் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மீட்டர் வரை மெதுவாக நடந்து பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு பார்ப்பதைவிட மாட்டுவதற்கு முன் பார்ப்பது மேல். ஒருவர் நடக்க, இன்னொருவர் ரிசீவரின் முன் உட்கார்ந்து சிக்னல் காட்டியைப் படிக்கலாம். ஸ்டீரியோ விளக்கை நம்பக் கூடாது. 19 கிலோஹெர்ட்ஸ் தொனி கிடைத்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை.

கடையில் ஏரியல் தேடி அலைவதைவிட ஒன்று செய்துகொள்வது சுலபம். வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் செம்புக் கம்பியில் 73 சென்டிமீட்டர் அளவில் இரண்டு துண்டு. அல்லது அதே நீளத்துக்கு இரண்டு அலுமினியக் குழாய். அவற்றை ஒரு பிவிசி பைப்பின் மேல் ஒரே கோட்டில், நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு, பொருத்துங்கள். டிஷ் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிளின் நடுக்கம்பியை ஒரு துண்டோடும், வெளிப்பின்னலை இன்னொரு துண்டோடும் சேருங்கள். 73 ஓமும் 75 ஓமும் இயல்பாகவே பொருந்திவிடுகின்றன, பேலன் மாற்றி தேவையில்லை. வெளிப்பின்னல் ஏரியலாகிவிடாமல் தடுக்க, இணைப்புக்குப் பக்கத்திலேயே கேபிளை ஒரு சாண் அளவு விட்டத்தில் ஐந்தாறு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டால் போதும். இணைப்பின் மேல் மழை படாதபடி மூடுங்கள். பின்னலுக்குள் ஒருமுறை தண்ணீர் இறங்கினால் அது அரித்துப்போய் அந்தக் கேபிள் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது. ஆர்ஜி-6 இந்த அதிர்வெண்ணில் 20 மீட்டருக்கு ஒன்றரை டெசிபெல் அளவுகூட விழுங்காது. அதனால் மாடி உயரத்துக்குப் பயந்து ஏரியலைக் கீழே வைக்க வேண்டியதில்லை. கம்பி கிடையாக இருக்க வேண்டுமா, செங்குத்தாகவா? பல நிலையங்கள் இரு வகையிலும் சேர்த்தே அனுப்புகின்றன. இரண்டையும் வைத்துப் பார்த்து, எதில் இரைச்சல் குறைகிறதோ அதில் விடலாம். செங்குத்தாக நின்றால் எல்லாத் திசையும் சமம். பன்வழித் தொல்லை இருக்கும் இடத்தில் அது அனுகூலம் ஆகாது.

இதற்கும் மேல் வேண்டுவோருக்கு யாகி இருக்கிறது. ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும் 1926-இல் வெளிப்படுத்திய அமைப்பு. உழைப்பில் பெரும்பங்கு உடாவுடையது, நிலைத்ததோ யாகியின் பெயர். டைபோலுக்குப் பின்னால் 5 சதவீதம் நீளமான கம்பி ஒன்று, முன்னால் 5 சதவீதம் குட்டையான கம்பி ஒன்று. இரண்டிலும் எந்த ஒயரும் இணைவதில்லை. ஆனாலும் நீளமானது அலையை முன்னோக்கித் திருப்புகிறது, குட்டையானது வரவேற்றுக் குவிக்கிறது. 60 சென்டிமீட்டர் இடைவெளியில் மூன்று கம்பி வைத்தாலே மூன்று மடங்குக்கு மேல் திறன் கிடைக்கும். பின்பக்கம் வரும் பிரதிபலிப்புகளுக்குக் காது அடைத்துவிடும் என்பதுதான் நகரத்தில் அதைவிடப் பெரிய லாபம். 1942-இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியப் படை, பிரிட்டிஷ் ரேடார் குறிப்புகளைப் புரட்டிய போதுதான் தன் நாட்டுக்காரரின் இந்த ஏரியலை எதிரி எப்படிப் பயன்படுத்தினான் என்று தெரிந்துகொண்டது.

நமக்கு இது தூர்தர்ஷன் ஆன்டெனாவாக அறிமுகம். சென்னையில் 1975 ஆகஸ்டில் தொலைக்காட்சி வந்த பிறகு மொட்டைமாடிகளில் முளைத்ததும், எண்பதுகளில் தென்கோடி ஊர்களில் தென்னை உயரத்துக்கு ஏற்றி இலங்கை ரூபவாகினிக்குத் திருப்பி வைத்ததும் இதே யாகிதான். இன்னும் சில மாடிகளில் காக்கை உட்கார மட்டும் பயன்பட்டு நிற்கிறது. அதை இறக்கிப் பண்பலைக்கு மாற்ற முடியுமா என்றால், அது எந்த வரிசைக்குச் செய்தது என்று முதலில் பார்க்க வேண்டும். 60-களின் மெகாஹெர்ட்ஸுக்கான பழைய ஆன்டெனாவில் கம்பிகள் இரண்டு மீட்டருக்கு மேல் நீளும். அவற்றை 1.53, 1.46, 1.39 மீட்டராக வெட்டி, இடைவெளியையும் குறைத்தால் அருமையான பண்பலை ஏரியல். 200 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய வரிசைக்கான ஆன்டெனா என்றால் கம்பி முக்கால் மீட்டர்தான் இருக்கும். வெட்டியதை ஒட்ட முடியாது, குட்டையை நீட்டவும் முடியாது, பழைய இரும்புக்காரருக்குப் போடலாம்.

பூஸ்டர் போட்டால் என்ன என்ற கேள்வி கட்டாயம் வரும். வராத சிக்னலைப் பூஸ்டர் உண்டாக்குவதில்லை. வந்த சிக்னலோடு வந்த இரைச்சலையும் ஒரே அளவில் பெருக்கி, தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கிறது. கேபிள் மிக நீளமாக இருந்தாலோ பல அறைகளுக்குப் பிரித்தாலோ கம்பத்தின் உச்சியில் அதற்கு வேலை உண்டு. கோபுரத்துக்கு அருகே உள்ள நகர வீடுகளில் அது கெடுதலே செய்யும். வலுவான நிலையங்கள் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத அதிர்வெண்களில் பேய் நிலையங்கள் முளைக்கும். என் கணக்கில் பூஸ்டருக்குக் கொடுக்கும் காசை இரண்டு மீட்டர் கூடுதல் பைப்புக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

மாடிக்கு ஏற்றுவதற்கு முன் மின்கம்பியைப் பாருங்கள். கம்பம் எந்தப் பக்கம் சரிந்தாலும் இபி லைனைத் தொடாத தூரம் வேண்டும். இதில் சமரசம் கூடாது. கம்பத்தையும் கேபிளின் வெளிப்பின்னலையும் கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன்பே தடித்த செம்புக் கம்பியால் பூமியில் இறக்கிய எர்த் ராடோடு சேர்க்க வேண்டும். நேரடி இடிக்கு இது காப்பு அல்ல. பக்கத்தில் எங்கோ இறங்கும் மின்னலால் கேபிளில் எழும் மின்னழுத்தத்தை வடிக்கத்தான். சித்திரை, வைகாசியின் மாலை இடிமழையும் ஐப்பசி அடைமழையும் வரும் ஊரில், மேகம் கறுத்தால் ஏரியல் ஒயரை ரிசீவரிலிருந்து பிடுங்கிவைக்கும் பழக்கம்தான் கடைசிக் காப்பு. இடிக்க ஆரம்பித்த பிறகு பிடுங்கப் போகக் கூடாது.

பாலித்தீன் பையில் கறுப்பு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒயர் சுற்றிய வளையம் ஒன்றும் இருந்திருக்கும். அது மத்திய அலைக்கு. சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 417 மீட்டர். பாதி அலைக்குக் கம்பி கட்டத் தெருவே போதாது. தேவையும் இல்லை. மத்திய அலையில் வானத்து இடியும் ஊர்ச் சாதனங்களும் கிளப்பும் இரைச்சல், ரிசீவரின் சொந்த இரைச்சலைவிடப் பல மடங்கு பெரியது. பெரிய ஏரியல் வைத்தால் இரண்டும் சேர்ந்தே வளரும். வளையத்தின் தகுதி வேறு: திருப்பினால் ஒரு திசைக்குக் காது முழுதாக அடையும். அந்த அடைபட்ட திசையில் பக்கத்து வீட்டு எல்இடி விளக்கை நிறுத்தி வைப்பதுதான் கலை. டிவியிலிருந்தும் ரிசீவரின் உலோகப் பெட்டியிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் கடலோரக்காரர்களுக்கு ஒரு விருந்தாளி வருவதுண்டு. காற்று அசையாத சில இரவுகளில், கடலுக்கு மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன் மேல் வெப்பமான உலர்காற்றும் அடுக்காக நிற்கும். பண்பலை அலை அந்த அடுக்குக்குள் சிக்கி, அடிவானத்தைத் தாண்டியும் வளைந்து போய்விடும். அப்போது இராமேசுவரத்திலும் வேதாரண்யத்திலும் இலங்கையின் தமிழ் நிலையங்கள் உள்ளூர் நிலையம்போல் வந்து நிற்கும். இரண்டு நிலையங்கள் ஒரே அதிர்வெண்ணில் மோதினால் பண்பலை ரிசீவர் இரண்டையும் கலந்து கேட்பிப்பதில்லை. சற்றே வலுவானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். இருவரில் யாரைக் கேட்பது என்பதைக் கம்பிதான் முடிவுசெய்யும். வேண்டாத நிலையத்தின் பக்கம் டைபோலின் முனையைத் திருப்பினால் சில டெசிபெல் குறையும். தராசு மறுபக்கம் சாய அதுவே போதும். விடிந்து வெயில் ஏறியதும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அப்போது கம்பியைப் பழைய திசைக்குத் திருப்பிக்கொள்ளலாம்.